தளவாய் சம்மதித்த கதை

கொன்றையூர் அரசன் பொன்னம்பல ராயனுக்கு யானைப் பந்தயம் பார்க்க ஆசை வந்தது. யானைகள் இருந்தன. ஓட இடம் இல்லை. யானைகளுக்கு ஓட விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. அவைதான் பொழுதெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்கின்றனவே!

"பெரிய ஏரியைத் தூர்த்துவிடலாம்" என்றார் தளவாய் உடையப்பர். அவர் மாளிகை மேட்டில் இருந்தது. கிணறும் இருந்தது.

ஏரிப் பாசனக்காரர்களைச் சபைக்கு அழைத்துத் தளவாய் திட்டத்தை விளக்கினார். அவர்களும் நம்மூர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். முடித்ததும் தளவாய் அரசன் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் சம்மதம், மகாராஜா."

ஊர்த் தலைவர் வெள்ளைக்கண்ணு பதறிப்போனார். "சாமி, காதுல விழுதுன்னுல்ல ஆட்டினோம்! சரின்னு யாரு சொன்னா?"

"காதில் விழுந்தால் காதை ஆட்டு. தலையை ஏன் ஆட்டினாய்?"

ஓரத்தில் நின்ற அவைப் புலவன் சோலைமலை மனக்கணக்குப் போட்டான். ஏரியை நம்பிய வயல்களில் பாதி அவன் மாமனாருடையவை. ஏரி போனால் வயல் போகும். வயல் போனால் மாமனார் குடும்பத்தோடு அவன் வீட்டுக்கே வந்துவிடுவார்.

அரசன் அவனைக் கூப்பிட்டான். "சோலைமலை, தலையாட்டல் எங்கிருந்து வந்தது? அதற்கு என்ன அர்த்தம்? இப்போதே சொல். சொல்லாவிட்டால் நாளைக்கே ஏரியில் மண் விழும்."

"கோயிலிலிருந்து வந்தது, மகாராஜா. கிடா வெட்டும் முன் அதன் தலையில் தண்ணீர் தெளிக்கிறோம். கிடா சிலிர்த்துத் தலையை ஆட்டினால் சம்மதம் என்று அர்த்தம். ஆட்டாத கிடாவை யாரும் வெட்டுவதில்லை."

"அடப்பாவி, நம்மாளுன்னு நெனச்சேனே!" என்று வெள்ளைக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டார்.

தளவாய்க்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "புலவனே சொல்லிவிட்டான்! தலை எப்படி ஆடினாலும் சம்மதம்தான். கட்டளையாகவே போட்டுவிடுங்கள், மகாராஜா!"

அரசன் போட்டான்.

"கட்டளை எல்லாருக்கும் பொதுவா?" என்று சோலைமலை கேட்டான்.

"எனக்கும் சேர்த்துத்தான்" என்றான் அரசன், பெருமையாக.

சோலைமலை வெளியே போனான். குடம் நிறையத் தண்ணீரோடு வந்தான். நேராகத் தளவாய் தலையில் கவிழ்த்தான்.

"தளவாய் ஐயா! ஏரிக்குப் பதிலாக உங்கள் மாளிகையை இடித்து யானைக்கு இடம் கொடுக்கிறீர்களா?"

தளவாய் சிலிர்த்துத் தலையை உதறினார்.

"சம்மதம்!" என்றான் சோலைமலை.

"இல்லை! இல்லவே இல்லை!" தளவாய் தலையை இன்னும் வேகமாக ஆட்டினார்.

"ஆத்தாடி!" என்றார் வெள்ளைக்கண்ணு. "எத்தனையோ கிடா வெட்டியிருக்கேன். ஒண்ணுகூட இம்புட்டு ஆசையாச் சம்மதிச்சதில்ல."

அரசன் சிரித்தான். அடக்க அடக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலை குலுங்கியது, கிரீடம் சரிந்தது. சோலைமலை மெல்ல அருகில் போய்க் குனிந்தான்.

"ஏரி இருந்தபடியே இருக்கட்டுமா, மகாராஜா?"

தலை குலுங்கிக்கொண்டே இருந்தது.

"மகாராஜாவுக்கும் சம்மதம்!"

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி, ஏரி பிழைத்தது. தளவாய், உமது மாளிகையும் பிழைத்துப் போகட்டும். சோலைமலை, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

சோலைமலை வாயைத் திறந்தான்.

"பொறு!" என்ற அரசன், இரண்டு கைகளாலும் தன் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ம்... இப்போது கேள்" என்றான்.