மூன்றாம் தூண் விலாசம்

கூத்தன்கரை ராஜா மகரகண்டருக்கு அந்த ஆசை பிடித்தது ஒரு கல்யாணப் பந்தியில்தான். பக்கத்து இலையில் இருந்த அண்டை நாட்டு ராஜா, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "பவழத்தீவுப் பெட்டகசாலையில் உங்களுக்குக் கணக்கு இல்லையா? ஐயோ பாவம்!" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மகரகண்டருக்கு அப்பளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பெட்டகசாலை என்றால் லேசுப்பட்ட இடமல்ல. உலகத்து ராஜாக்களெல்லாம் தங்கள் குடிகள் கண்ணில் படாமல் பொன்னைப் போட்டுவைக்கும் இடம். அங்கே கணக்கு இல்லாதவன் ராஜாவே அல்ல என்று பேச்சு.

மறுநாள் சபையில் ராஜா கர்ஜித்தார். "எனக்குப் பவழத்தீவில் கணக்கு வேண்டும்! யார் போகிறீர்கள்?"

தளவாய் அனந்தப்பர் துள்ளி எழுந்தார். ராஜாவுக்கு வலப்பக்கத்து ஆசனத்தில் இருபது வருஷமாகக் குற்றாலிங்கம் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆசனத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தருவதாகத் தளவாய் பெண்டாட்டியிடம் சத்தியம் செய்திருந்தார்.

"சமர்த்தர் குற்றாலிங்கம் போகட்டும் மகாராஜா. ஆடி அமாவாசைக்குள் கணக்கு ஓலையோடு வராவிட்டால் ஆசனத்தைக் காலி செய்யட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

குற்றாலிங்கம் எழுந்தார். தன் உடம்புக்கென்றே குழி விழுந்திருந்த மெத்தையை ஒரு பார்வை பார்த்தார். "போய் வருகிறேன் மகாராஜா. யாரும் மெத்தையைத் தட்டிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

பவழத்தீவுப் பெட்டகசாலைக் கணக்கருக்கு வாய் நிறைய வெற்றிலை. வாயைத் திறந்தால் சாறு சிந்திவிடும் என்பதால் வார்த்தைகளை எண்ணித்தான் செலவழிப்பார்.

"விலாசம்?"

"கூத்தன்கரை, அரண்மனைத் தெரு."

"இந்த ஊர் விலாசம்."

"நான் வெளிநாட்டான் ஐயா."

"வெளிநாட்டானுக்கும் கணக்கு உண்டு. இந்த ஊரில் விலாசம் இருந்தால். தெரிந்த உள்ளூர்க்காரர் சாட்சி சொன்னால்."

குற்றாலிங்கம் வாடகை வீடு தேடிப் போனார். வீட்டுக்காரர் கையை நீட்டினார். "பெட்டகசாலைக் கணக்கு ஓலை இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் வீடும் இல்லை."

திரும்பி வந்தார். "கணக்குக்கு வீடு கேட்கிறீர்கள். வீட்டுக்குக் கணக்கு கேட்கிறார்கள். நான் எதை முதலில் வாங்குவது?"

கணக்கர் யோசித்துவிட்டு, "அதைக் கேட்க வேறு சன்னல்" என்றார். அந்தச் சன்னல் நாலு வருஷமாகத் திறக்கவில்லையாம்.

ஆறாம் நாள் காலையில் சத்திரக்காரர் குற்றாலிங்கத்தின் மூட்டையைத் தூக்கித் தெருவில் வைத்தார்.

"கோபிக்காதீர்கள் அண்ணாச்சி. ஏழு நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் கூரை வரி போடுவார்கள். வரி கட்டினவன் இந்த ஊர்க்குடி ஆகிவிடுவான். எனக்கு எதற்கு அந்த வம்பு?"

குற்றாலிங்கம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சத்திரக்காரர் பயந்தே போனார்.

நேரே பெட்டகசாலை மண்டபத்துக்கு வந்து, மூன்றாம் தூணடியில் துண்டை விரித்தார் நம்முடைய ஆள்.

கணக்கர் சன்னல் வழியே கத்தினார். "எழுந்திருமய்யா! இது என்ன சத்திரமா?"

குற்றாலிங்கம் சுவரைக் காட்டினார். "'முறை வரும்வரை மண்டபத்தில் காத்திருக்கவும்' என்று நீங்களே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கிறேன், கணக்கரே!"

தினமும் காலையில் சன்னலுக்குப் போவார். "கணக்கு?" என்பார். "இல்லை" என்பார் கணக்கர். திரும்பிவந்து உட்கார்ந்துகொள்வார். தூணுக்குத் தூண் கொடி கட்டி வேட்டி உலர்த்தினார். ஐந்தாம் நாளில், எந்தச் சன்னலில் எதைக் கேட்பது என்று அவரிடம் விசாரிக்க வந்த வரிசை, கணக்கர் முன்னால் நின்ற வரிசையைவிட நீளம். அது தெருவைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கி நின்றது. மீன்கள் வந்து காலைக் கடித்தும் ஒருவரும் நகரவில்லை.

எட்டாம் நாள் வரிக்காரர் பறை கொட்டிக்கொண்டு வந்தார். "ஏழு நாள் ஆயிற்று! கூரை வரி!"

"அநியாயம்! நான் பரதேசி!" என்று குற்றாலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே ஒரு வெள்ளிக்காசைக் கொடுத்தார். அழுதுகொண்டே ரசீதை வாங்கினார். முத்திரையைச் சரிபார்க்கும்போது மட்டும் அழுகை நின்றிருந்தது.

'குடியிருப்பவர்: குற்றாலிங்கம். விலாசம்: பெட்டகசாலை மண்டபம், மூன்றாம் தூண்.'

ரசீதைப் படித்த கணக்கர் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார். "இது எங்கள் கட்டடம்!"

"அப்படியானால் விலாசத்தை விசாரிக்க ஆள் அனுப்பவேண்டியதில்லை."

"சாட்சி? உம்மைத் தெரிந்த உள்ளூர்க்காரர் யார்?"

"உங்களுக்கு என்னைத் தெரியாதா?"

"தெரியாதா! நாள் தவறாமல் வந்து என் பிராணனை வாங்குகிற ஆளைத் தெரியாதா!"

"போதும். அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பே குற்றாலிங்கம் ஊர் வந்து சேர்ந்தார். ஓலையை எட்டிப்பார்த்த தளவாய் குதித்தார். "துரோகம்! கணக்கு இவர் பேரில் அல்லவா இருக்கிறது!"

ராஜாவின் மீசை துடித்தது. "என்ன இது, குற்றாலிங்கம்?"

"தூணடியில் கிடந்தவன் பேருக்குத்தான் தருவார்கள் மகாராஜா. தங்களைத் தரையில் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. பேரைத் தங்களுக்கு மாற்றிவிட இதோ என் ஒப்புதல் ஓலை. பெரிய மனிதர் யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்."

"நான் போகிறேன்!" என்றார் தளவாய், ஓலையைப் பிடுங்கிக்கொண்டு. "இவர் செய்ததை நான் நாலே நாளில் முடிக்கிறேன். ஆனால் ஆசனம் என் மைத்துனனுக்கு!"

"முடித்துவிட்டு வந்து கேளும்" என்றார் ராஜா.

இரண்டு மாதம் கழித்துத் தளவாயிடமிருந்து கடிதம் வந்தது. ராஜாவே வாசித்தார்.

'மகாராஜா, ஓலை கொண்டுவந்த எனக்கும் இந்த ஊர் விலாசம் வேண்டுமாம். மூன்றாம் தூணில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார் என்று என்னை ஐந்தாம் தூணுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒழுகுகிறது. கூரை வரி கட்டிவிட்டேன். பேர் மாற்றுகிற கணக்கர் தீர்த்த யாத்திரை போயிருக்கிறார். மைத்துனனுக்கு ஆசனம் என்ன ஆயிற்று என்று எழுதவும்.'

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குற்றாலிங்கத்தின் மடியில் போட்டார். "சரி, ஆசனத்துக்கு என்ன பதில் எழுதுவது?"

குற்றாலிங்கம் மெத்தைக் குழியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

"தளவாய்தான் வரி கட்டிப் பவழத்தீவுக் குடி ஆகிவிட்டாரே மகாராஜா. வெளிநாட்டார் இங்கே ஆசனம் கேட்டால் நமக்கும் ஒரு முறை வேண்டாமா? இந்த ஊர் விலாசம் கேட்டு எழுதுங்கள்."