கோர்ட்டில் நிற்கும் சொல்

திருமேனி சார் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குத் தலைமையாசிரியர். சனிக்கிழமை தோறும் சைக்கிள் கடை மாடியில் ஜெசிந்தா டீச்சரிடம் ரகசியமாக இங்கிலீஷ் படிக்கிறார். சிரிக்காதீர்கள். ஐம்பத்தைந்து வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவள் முன்னால் நோட்டை விரித்து உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்?

அன்று வகுப்பு இல்லாத நாள். மாலை நாலேகாலுக்கு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"டீச்சர், அவசரமா ஒரு சொல் வேணும்."

"உக்காருங்க சார். என்ன சொல்?"

அவர் ஒரு தாளை நீட்டினார். பூவிழி என்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணைப் பொதுத் தேர்வுக்கு அனுப்பவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவள். வருகை போதாது. தலைமையாசிரியர் பரிந்துரைத்தால் சேர்க்கலாம். அவர் பரிந்துரைக்கவில்லை.

"அவங்க அப்பா கோர்ட்டுக்குப் போறேங்கிறார். காரணத்தை இங்கிலீஷ்ல எழுதிக் கொடுன்னு தாளாளர் சொல்லிட்டார். 'டிஃபென்சிபிள்', அதாவது யாராவது தப்புன்னா எதிர்த்து வாதாடக்கூடியதுன்னு போட்டிருக்கேன். அதைவிட பலமா ஒண்ணு சொல்லுங்க. அஞ்சு மணிக்குப் பரீட்சைப் பேர்ப் பட்டியல் மூடிடும். அதுக்குள்ள லெட்டர் அவர் மேஜையில இருக்கணும்."

டீச்சர் தாளைத் திரும்பப் படித்தாள்.

"'ரீசனபிள்' போடலாமா?"

"அது ரொம்ப சாதாரணமா இருக்கே."

"'ஜஸ்டிஃபையபிள்'?"

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"நியாயம் காட்டக்கூடியது."

"காட்டக்கூடியதுன்னா... காட்டுன்னு கேப்பாங்களே. வேற சொல்லுங்க."

"'டெனபிள்'னு ஒண்ணு இருக்கு. எதிராளி தள்ளினாலும் விழாம தாக்குப்பிடிக்கும்."

"ஆங்! அதான், அதான்!" திருமேனி சார் பேனாவைத் திறந்தார்.

"எதிராளி யாரு சார்?"

"பூவிழியோட அப்பாதான்."

"என்ன பண்றார்?"

"வாழை மண்டியில தார் இறக்குறார்."

பேனா எழுதவில்லை. அவர் அதை உதறிப் பார்த்தார்.

செல்போன் அடித்தது. பள்ளி கிளார்க் சேவியர். "சார், நூத்திப் பன்னெண்டு பேர் ஏத்தியாச்சு. மூடிடவா?"

"பொறுய்யா! நான் சொல்றேன்" என்று எரிந்து விழுந்து போனை வைத்தார்.

"வகுப்புல சொல்றதுதான் சார். புதுச் சொல் எடுத்தா வாக்கியத்துல வச்சுப் பாக்கணும்" என்றாள் டீச்சர். "காலையில பேத்திக்கு இட்லி ஊட்டினேன்னு சொன்னீங்களே போன வாரம். 'பேத்திக்கு இட்லி ஊட்டியது டிஃபென்சிபிள்.' எழுதுங்க."

"என்ன டீச்சர் விளையாடுறீங்க! அதுக்கு யாராவது இந்தச் சொல்லைப் போடுவாங்களா?"

"ஏன் போட மாட்டாங்க?"

"யாரு வந்து தப்புன்னு சொன்னாங்க, நான் பதில் சொல்றதுக்கு?"

டீச்சர் தாளில் இருந்த 'டிஃபென்சிபிள்' மேல் விரலை வைத்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சுள்ளென்று கோபம் வந்தது.

"உங்களுக்கு என்ன, சுலபமா கேட்டுட்டீங்க. அந்தப் புள்ளை கணக்குல பத்து மார்க் தாண்டாது. நூறு சதவீதம்னு வருஷா வருஷம் வாசல்ல பேனர் கட்றோம். ஒருத்தி ஃபெயிலானா பேனர் போச்சு, கூடவே என் வேலையும் போச்சு. பயமா இருக்கு டீச்சர். இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்?"

"பயம் நியாயம்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி நாலு நாற்பத்தி மூன்று.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். நீங்க அவளைச் சேர்த்துட்டீங்கன்னே வைங்க. அவ ஃபெயில். பேனர் இல்ல. தாளாளர் மேஜையைத் தட்டறார். 'யோவ், எதுக்குய்யா அவளைச் சேர்த்தே?' என்ன சொல்வீங்க?"

"என்னத்தச் சொல்றது? நம்ம ஸ்கூல் புள்ள, பரீட்சை எழுத வந்தா, எழுத விட்டேன்னு சொல்வேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. டீச்சரையே பார்த்தார்.

செல்போன் மறுபடி அடித்தது. சேவியர்தான். திருமேனி சார் கையில் எடுத்தார். அழைப்பை ஏற்கும் முன் பேனாவை மூடிவைத்தார்.

"டீச்சர்... இப்ப நான் சொன்னது கோர்ட்டுல நிக்குமா?"

"தெரியாது சார். ஆனா இதுக்கு நீங்க என்கிட்ட ஒரு சொல்லும் கேக்கல."