முதல் ஆணி

சாம்பல் தொப்பிக்கு முதலில் துரோகம் செய்தது நிலைக்கண்ணாடிதான். அதைச் சாம்பல் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் விமானிகள் அறைச் சுவரில் தொப்பிகள் மாட்ட வரிசையாக ஆணிகள் இருந்தன. சன்னலோரத்து முதல் ஆணியில் தொங்கும் தொப்பிதான் பெரிய விமானத்துக்குக் கேப்டன். அது ஓய்வு பெற்றால் மற்றவை ஆளுக்கு ஓர் ஆணி முன்னே நகரும். வேறு குறுக்கு வழி கிடையாது. அப்படி நகர்ந்து நகர்ந்து, துணை விமானியாகவே வெளுத்து, சாம்பல் இரண்டாம் ஆணிக்கு வந்திருந்தது. அடுத்த முறை அதனுடையது.

முதல் ஆணித் தொப்பி ஓய்வு பெற்ற நேரம் பார்த்து இன்னொரு கம்பெனியைக் கொண்டுவந்து இணைத்தார்கள். நேற்று முளைத்த கம்பெனி. ஆள் போதாமல், சேர்ந்த மறுவருடமே எல்லாருக்கும் தங்கச் சரிகை தைத்துக் கேப்டன் ஆக்கியிருந்தது. அதன் நீலத் தொப்பிகள் மினுமினுவென்று வந்து இறங்கின.

ஒரே சுவர், இரண்டு வரிசை. யாருக்கு எந்த ஆணி? பஞ்சாயத்துக்கு நிலைக்கண்ணாடியை நிறுத்தினார்கள்.

"எனக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. கண்ணில் படுவதைத்தான் சொல்வேன்" என்றது அது.

சரிகை கண்ணில் பட்டது. சாம்பலின் உள்பட்டையில் வருடக்கணக்காக ஊறிய வேர்வைக் கறை படவில்லை.

"கொஞ்சம் திருப்பிப் பாருங்க ஐயா" என்றது சாம்பல்.

"உள்ளே பார்க்கிற வழக்கம் இல்லை."

நீலமெல்லாம் முன்னே போயின. சாம்பலைக் கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

முதல் ஆணி ஏறிய நீலம் அங்கிருந்தே சொன்னது: "கோவிச்சுக்காதீங்க அண்ணே. சட்டம்னா சட்டம்தானே."

"ஆமா தம்பி. உன் தலைக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டம்."

துடைப்பம் மட்டும் சிரித்தது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்றாவதாக ஒரு கம்பெனி வந்து ஒட்டிக்கொண்டது. அதன் சிவப்புத் தொப்பிகளுக்கு இரட்டைச் சரிகை. கண்ணாடி அதே கண்ணால் பார்த்தது. நீலமும் கதவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

"அண்ணே, அநியாயத்தைப் பாத்தீங்களா? வாங்க, ரெண்டு பேருமா ஒரு மனு எழுதிப் போடுவோம்."

"போடுவோம். நீ என் ஆணியில தொங்கினதை முதல் வரியில எழுது. கீழே நான் கையெழுத்துப் போடுறேன்."

நீலம் சரிகையைத் தடவிக்கொண்டது. "அது முடிஞ்சுபோன கதை அண்ணே."

சாம்பல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த முதல் வரியை இன்னும் யாரும் எழுதவில்லை.