நாச்சிமுத்து துப்பாக்கி வாங்கப் போன கதை

"எந்தத் துப்பாக்கியை வாங்கட்டும், ஆத்தா?"

நாச்சிமுத்து இதைக் கேட்டபோது மயிலாத்தாள் சின்னச் சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தார்.

தட்டுவதை நிறுத்தவில்லை.

நாச்சிமுத்துவுக்குக் காங்கயம் பக்கம் கொப்பரைக் களம், எண்ணெய் ஆலை, இரண்டு லாரி. மயிலாத்தாளுக்குக் கரட்டடியில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. நூல் மில் வேலையை விட்டுவிட்டு அவர் ஏன் அங்கே வந்து உட்கார்ந்தார், ஆட்கள் ஏன் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள் என்பதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. வயதில் நாச்சிமுத்துவுக்கு இளையவர்தான். இருந்தாலும் நாச்சிமுத்து அவரை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஆத்தாவைக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

"போன தடவை மிக்சி. அதுக்கு முந்தி போர் போடற எடம். இப்பத் துப்பாக்கிங்களா?"

கேட்டவர் ரங்கசாமி. ஊரில் கறிக்கடை வைத்திருப்பவர். கடை இல்லாத நாளில் இங்கே வந்து ஆத்தாவுக்குக் கொட்டை எடுத்துக் கொடுப்பார்.

"லைசென்ஸ் கெடைச்சிருச்சு ரங்கசாமி. நாயா அலைஞ்சு வாங்கியிருக்கேன். கெடு முடியறதுக்குள்ள வாங்கிப் பதியோணும்."

"வெட்டறவன் நான் இங்க உக்காந்து புளி தட்டறேன். தேங்கா விக்கறவருக்குத் துப்பாக்கி. காலம்தான்."

நாச்சிமுத்து அவரை விட்டுவிட்டுப் போனை எடுத்து ஆத்தா பக்கம் நீட்டினார்.

"இது ரிவால்வருங்க. இந்த உருளை சுத்தும். எப்பவும் சிக்காதுங்கறாரு கடைக்காரர். இது பிஸ்டல். தட்டையா இருக்கும், சட்டைக்குள்ள வெச்சா வெளிய தெரியாது. குண்டும் சாஸ்தி. ஆனா பழகாதவங்க கையில சிக்கிக்குமாம்."

மயிலாத்தாள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் கருப்பாத்தான் இருக்கு."

"ஆத்தா, உசுரு விசயம்."

"யாரு உசுரு?"

"என்ற உசுருதானுங்க. தற்காப்புக்குத்தான் கேக்கறேன்."

"யாருகிட்ட இருந்து?"

அது ஆத்தாவுக்குத் தெரிந்த கதைதான். ஊருக்கே தெரியும். குலதெய்வக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, பங்காளிகளில் மூத்தவரான அர்த்தநாரிக்குத்தான் வழக்கமாகப் போகும். நாச்சிமுத்துவின் பெரியப்பா மகன் அவர். நாலு வருசத்துக்கு முன்னால் பூசாரி பரிவட்டத்தை எடுத்து நாச்சிமுத்துவின் தலையில் கட்டிவிட்டார். கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது நாச்சிமுத்து என்பது பூசாரியின் நியாயம். அவ்வளவு சனத்துக்கும் நடுவில் அர்த்தநாரி சத்தமில்லாமல் ஒன்று சொன்னார்.

"அந்தத் தலை அங்க ரொம்ப நாளைக்கு இருக்காது."

கத்திச் சொல்லியிருந்தால் நாச்சிமுத்து மறந்திருப்பார்.

அன்றிலிருந்து டீக்கடையில் ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்வதில்லை. படுக்கை உள்ளறைக்குப் போய்விட்டது. சவரத்துக்குக் கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கடைக்காரர் அர்த்தநாரிக்கும் சவரம் செய்பவர். கழுத்தில் கத்தி வைக்கிற ஆள். தினமும் காலையில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தானே செய்துகொண்டார்.

மயிலாத்தாள் சுத்தியலைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கொட்டகை வாசலில் நின்றார்.

"நாந்தான் அர்த்தநாரி. வந்துட்டேன். சுடுங்க."

"ஆத்தா..."

"சுடுங்க."

நாச்சிமுத்து தயங்கித் தயங்கி விரலை நீட்டினார். "டப்" என்றார்.

ரங்கசாமி சிரித்தார்.

"கண்ணை மூடிட்டீங்க," என்றார் மயிலாத்தாள்.

"விரல்தானுங்களே ஆத்தா."

"ஆமா. விரல்தான்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு புளியை எடுத்துத் தட்டினார். கொட்டை தனியே தெறித்தது.

"அர்த்தநாரியைக் கேளுங்க."

"எதைங்க?"

"எந்தத் துப்பாக்கி நல்லதுன்னு. படப்போறவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்குமில்ல?"

ரங்கசாமி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

*

நாச்சிமுத்து உடனே போகவில்லை. கடைக்குப் போய் இரண்டையும் இன்னொரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவரலாம் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தார். கடைக்காரர் போனில் கூப்பிட்டார். யோசிச்சுச் சொல்றேன் என்றார். களத்துக்கு எதிரே ஒரு பைக் வேகம் குறைத்துப் போனது. வண்டி எண்ணைப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

சோறு போடும்போது மனைவி தெய்வானை சொன்னாள்.

"போய்க் கேட்டுட்டுத்தான் வாங்களேன்."

"சுட்டுப் போட்டான்னா?"

"அது ஒரே நாள்ல முடிஞ்சு போயிரும். நாலு வருசமா நான் அந்த ரோட்டுப் பக்கத்து ஜன்னலைத் தொறக்கலை. வெயில்ல துணி காயப்போட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?"

ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு நாச்சிமுத்து அர்த்தநாரி வீட்டுக்குப் போனார்.

வீடு அடையாளம் தெரியவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். சுவர்மேல் பாட்டில் சில்லு. மூலைக்கு ஒரு கேமரா. வாசலுக்கு மட்டுமில்லை, மாடிப்படிக்கும் கம்பிக் கதவு.

இவ்வளவையும் இந்த ஆள் யாருக்காகப் போட்டிருக்கிறார் என்று நாச்சிமுத்து யோசித்தார். அப்படி ஒரு விரோதி அவருக்கு இருப்பதாக ஊரில் யாரும் சொல்லவில்லை.

"அண்ணா," என்று வெளிக் கேட்டில் நின்று கூப்பிட்டார்.

பழக்கம் விட்டுப்போன சொல்.

அர்த்தநாரி வெளியே வந்தார். இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எதுக்கு வந்தே?"

"ஒண்ணு கேக்கோணுமுங்க."

"அங்கிருந்தே கேளு."

"கத்திக் கேக்கற விசயமில்லீங்கண்ணா."

"கூட யாரு?"

"யாருமில்லீங்க."

"சட்டையைத் தூக்கிக் காட்டு."

நாச்சிமுத்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியும் நின்றார்.

"தொப்பை போட்டிருச்சு உனக்கு," என்றார் அர்த்தநாரி. "கேட்டுல கொண்டி போடலை. தள்ளிட்டு வா."

வாசல் தூணில் ஒரு ராஜபாளையம் நாயைக் கட்டியிருந்தார்கள். கன்றுக்குட்டி உயரம். அது குரைக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்ததைப்போல ஒரே மூச்சில் சொன்னார்.

"எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்திருக்குங்க. எந்தத் துப்பாக்கி வாங்கறதுன்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"கரட்டடி ஆத்தா."

அர்த்தநாரி முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். அதில் ஒரு ரிவால்வர் இருந்தது.

"இது மட்டும் வேண்டாம்," என்றார்.

"ஏனுங்க?"

"இடுப்புல உறுத்துது. தலைமாட்டுல வெச்சா தூக்கம் வர்றதில்லை. பீரோவுல வெச்சுப் பூட்டினாலும் வர்றதில்லை. இது வீட்டுல இருக்கற வரைக்கும் பேரனைக் கூட்டியாற மாட்டேன்னுட்டா பொண்ணு. அவன் நடக்கறதையே நான் போன்லதான் பார்த்தேன்."

"எப்பங்க வாங்கினீங்க?"

"அந்தத் திருவிழா முடிஞ்ச வருசமே."

"யாருக்குப் பயந்துங்க?"

அர்த்தநாரி அவரையே பார்த்தார். பிறகு நாயின் பக்கம் திரும்பினார்.

"கேக்கறான் பாரு," என்று நாயிடம் சொன்னார்.

நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் ஓடவில்லை. காது சரியாகக் கேட்டதா என்று பார்ப்பதுபோல ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

நாய் எழுந்து பாய்ந்தது.

தூணிலிருந்த வளையம் கழன்றுகொண்டது. சங்கிலி தரையில் கணகணவென்று இழுபட, நாய் படியில் இறங்கிவிட்டது. அர்த்தநாரி தாவி இடது கையால் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். நாய் அவரையும் சேர்த்து இழுத்தது. ஒற்றைக் கைக்கு அடங்குகிற நாய் இல்லை.

"இதைப் புடி!" என்று கத்தினார். வலது கையில் இருந்ததைப் பக்கத்தில் இருந்த கையில் திணித்தார்.

நாச்சிமுத்து வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றுகிறவர் கையிலிருந்து குடையை வாங்கிக்கொள்வதுபோல.

அர்த்தநாரி மண்டிபோட்டு, இரண்டு கையாலும் நாயைக் கட்டிப் பிடித்திருந்தார். நாய் திமிறியது. பிறகு கொஞ்சம் அடங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

என்ன செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நாச்சிமுத்துவுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"நாச்சிமுத்து," என்றார் அர்த்தநாரி.

கையை விட்டால் நாய் பாயும். விடாவிட்டால் துப்பாக்கி.

நாச்சிமுத்து அந்த முகத்தைப் பார்த்தார். வெளிறி, உதடு காய்ந்து, கழுத்து நரம்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்.

கையில் இருந்தது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பிடியில் அர்த்தநாரியின் வேர்வை இன்னும் காயவில்லை.

"நாய்க்கு ஊசி போட்டிருக்குங்களா?" என்று கேட்டார்.

அர்த்தநாரிக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"போட்டிருக்கு."

"அந்த வளையம் ஆகாதுங்க. ஜன்னல் கம்பியில கட்டுங்க."

அர்த்தநாரி நாயை இழுத்துக்கொண்டு போனார். நடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். சங்கிலியைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டார். பிறகு திரும்பி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

குடு என்று அவர் கேட்கவில்லை. கையையும் நீட்டவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் நாலு எட்டு இடம் இருந்தது. தெருவில் தயிர்க்காரர் ஒருவர் கூவிக்கொண்டே போனார். தயிர் வாங்க யாரும் வெளியே வரவில்லை.

நாச்சிமுத்து அந்த நாலு எட்டையும் வைத்தார். துப்பாக்கியை நீட்டினார்.

அர்த்தநாரி வாங்கிக்கொண்டார்.

இப்போது அது பழைய கையில் இருந்தது. அந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்று இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கீழே தொங்கியது.

"தண்ணி குடிக்கிறயா?" என்றார் அர்த்தநாரி.

"வேண்டாமுங்கண்ணா. ஆத்தா கேப்பாங்க, போறேன்."

நடந்தார். கேட்டைத் திறந்து வெளியே வந்து, திரும்பிக் கொண்டியைப் போடும்போதுதான், அவ்வளவு தூரமும் அர்த்தநாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

*

மயிலாத்தாள் தட்டிய புளியை உப்புப் போட்டுப் பானையில் அமுக்கிக்கொண்டிருந்தார். ரங்கசாமி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் மயிலாத்தாள்.

"கேட்டேனுங்க."

"எது நல்லதாம்?"

"எது ஆகாதுன்னு மட்டும் சொன்னாருங்க. அப்பறம் அதை என்ற கையிலயே குடுத்துட்டாரு."

ரங்கசாமியின் கையிலிருந்த புளி கீழே விழுந்தது.

நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னார். நாய், வளையம், ஜன்னல் கம்பி. சொல்லும்போது குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார்.

"திருப்பிக் குடுத்துட்டீங்களா?" ரங்கசாமி எழுந்தே விட்டார். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளு நாயைப் புடிச்சிட்டு நிக்கறாரு, துப்பாக்கி உங்க கையில. ஓடியாவது வந்திருக்கலாமுல்ல? குண்டையாவது எடுத்துப் போட்டிருக்கலாமுல்ல?"

"குண்டை எடுக்கத் தெரியாதே ரங்கசாமி."

"அதைக் கையில வாங்கிட்டு அவரு சுட்டிருந்தா?"

நாச்சிமுத்து ஆத்தாவைப் பார்த்தார்.

மயிலாத்தாள் கையைக் கழுவினார். பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து நாச்சிமுத்துவின் மடியில் வைத்தார்.

"இதுதான் அதுன்னு வெச்சுக்குங்க. நான் அர்த்தநாரி. எப்படிக் குடுத்தீங்க?"

"கையிலதானுங்க குடுத்தேன்."

"குடுத்துக் காட்டுங்க."

நாச்சிமுத்து சுத்தியலை எடுத்து நீட்டினார்.

ரங்கசாமி அதைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நாச்சிமுத்துவும் குனிந்து பார்த்தார். பிடி மயிலாத்தாள் பக்கம் இருந்தது. சுத்தியலின் தலை அவருடைய சொந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்படித்தான் குடுத்தீங்களா?"

"இப்படித்தானுங்க போலிருக்கு."

மயிலாத்தாள் பிடியைப் பற்றினார். இழுக்கவில்லை.

"அப்பக் கண்ணை மூடினீங்களா?"

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். அர்த்தநாரியின் நெற்றியில் வேர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை நாய் மயிர்கூட ஞாபகம் இருந்தது.

"இல்லை, ஆத்தா."