நடக்காத மோதலைக் கொண்டுவந்த கோனேரி

நெடுங்கணவாய்ச் சீமையிலேயே பெரிய புத்திசாலி கோனேரிதான். சொன்னது யார் என்று கேட்டுவிடாதீர்கள், அவரேதான் சொல்லிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட புத்திசாலி ஒருநாள் வாயெல்லாம் வீங்கி அரசவைக்கு வந்தார். முன்பல் இரண்டைக் காணோம்.

முத்துவிசய பூபதி ராஜா பதறிப்போனார். "என்னய்யா கோலம் இது?"

"தளவாய் வெங்கடப்பரின் குதிரைவண்டி என் மாட்டுவண்டியில் மோதிவிட்டது மகாராஜா. பட்டப்பகலில், மலைப்பாதை வளைவில்!"

தளவாய் எழுந்தார். "புழுதியில் ஒன்றும் தெரியவில்லை மகாராஜா. மாடு செம்மண் நிறம், வண்டியும் செம்மண் நிறம். உட்கார்ந்திருந்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்."

சபை கொல்லென்று சிரித்தது. கோனேரியும் சிரித்தார். அவர் நிறம் அவருக்குத் தெரியாதா என்ன! சிரித்த பிறகுதான் பல் போன இடம் சுரீர் என்றது.

"அதனால்தான் கேட்கிறேன் மகாராஜா. மலைப்பாதையில் போகிற வண்டிகளெல்லாம் பகலிலும் முன்னால் ஒரு விளக்கு ஏற்றிக்கொண்டு போகட்டும். இந்த மாசத்தில் மட்டும் அங்கே மூன்று பேருக்குக் கால் முறிந்திருக்கிறது."

"பகலில் விளக்கா!" தளவாய் கையைத் தட்டினார். "சூரியன் எதற்கு இருக்கிறதாம்? அதுவும் போகட்டும். பகல் தீவட்டி ராஜ மரியாதை. மகாராஜா பல்லக்குக்கு முன்னால் மட்டும்தான் பகலில் தீவட்டி எரியலாம். இன்றைக்கு விளக்குக் கேட்கிறார், நாளைக்கு வெண்கொற்றக் குடை கேட்பார்!"

மரியாதை என்ற சொல் காதில் விழுந்ததும் ராஜாவின் முகம் மாறிவிட்டது.

"கோனேரி, விளக்கால் மோதல் நடக்காமல் போகும் என்கிறீர். அப்படி நடக்காமல் போன மோதல் ஒன்றை இந்தச் சபைக்குக் கொண்டுவந்து காட்டும். எட்டு நாள் தவணை. முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு சீமையை விட்டுப் போய்விடும்."

நடந்த மோதலென்றால் பல்லைக் காட்டலாம். நடக்காததை எதில் வைத்துக் கொண்டுவருவது? கோனேரி வளைவில் போய், விளக்கும் கையுமாக ஏழு நாள் நின்றார். வண்டிகள் வந்தன, விளக்கைப் பார்த்து ஒதுங்கின, போயின. ஆனால் அவர் மடியில் ஒன்றும் விழவில்லை. வீட்டில் அவர் மனைவி செங்கமலம் பானை, சட்டி, பாய் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மிக்கல்லையும் எடுத்துக்கணுமா?" என்று கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று கோனேரி தன்னையே திட்டிக்கொண்டார்.

ஏழாம் நாள் மத்தியானம் ராஜாவின் பல்லக்கு வழக்கம்போலக் கோயிலுக்குப் போயிற்று. முன்னால் இரண்டு தீவட்டிகள் தகதகவென்று வந்தன. அத்தனை புழுதியிலும் தூரத்திலேயே கண்டுகொண்டு, வண்டிகள் பாறையோரமாய் ஒட்டி நின்றன. கோனேரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மண்டு! தினம் கண்ணுக்கு எதிரிலேயே போய்விட்டு வருகிறதே!"

எட்டாம் நாள் சபை நிறைந்திருந்தது.

"கொண்டுவந்தீரா?" என்றார் ராஜா.

"நான் எதற்குத் தூக்கிவர வேண்டும் மகாராஜா? அது தானாகவே பல்லக்கில் ஏறி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறதே!"

ராஜா தம் சிம்மாசனத்தையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"தாங்கள் பட்டமேறி முப்பது வருஷம். அந்தப் பாதையில் மோதாத வண்டி இல்லை, அடிபடாத ஆள் இல்லை. ஒரு கீறல்கூட விழாதது தங்கள் பல்லக்கு ஒன்றுதான். பகலில் விளக்கோடு போவதும் அது ஒன்றுதான்."

தளவாய் குதித்தார். "தீவட்டிக்காகவா ஒதுங்குகிறார்கள்? மகாராஜா என்பதற்காக ஒதுங்குகிறார்கள்!"

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தீவட்டியை அணையுங்கள். பல்லக்கு கிளம்பட்டும். நேரிலேயே பார்த்துவிடுவோம்."

வளைவு வந்தது. புழுதி எழுந்தது. எதிரே வந்த வைக்கோல் வண்டி பல்லக்கில் மடாரென்று இடித்தது. ராஜா உருண்டு வைக்கோலில் போய் விழுந்தார். அவர் தலைப்பாகை மாட்டின் வாயில் இருந்தது.

வண்டிக்காரன் சீறினான். "யோவ், யாருய்யா அது? கண்ணு தெரியாம குறுக்க வர்றது!"

தளவாய் வாளை உருவினார். "மகாராஜா என்று தெரியவில்லையாடா உனக்கு?"

"ஐயோ சாமி!" வண்டிக்காரன் தடாலென்று விழுந்தான். "தெரிஞ்சா ஒதுங்கியிருக்க மாட்டேனா? தெரியலையே சாமி!"

கோனேரி பணிவாகச் சொன்னார். "தெரியத்தான் விளக்கு, மகாராஜா."

ராஜா வைக்கோலைத் துப்பினார். தளவாயைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எல்லா வண்டிக்கும் விளக்கு! ஆனால் கோனேரி, என் மரியாதை?"

"தங்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்று."

முதல் விளக்கைக் கோனேரியின் வண்டியில் ராஜா தம் கையாலேயே மாட்டிவிட்டார். கோனேரி ஊருக்குள் வந்தார். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கினார்கள், கும்பிட்டார்கள். நம் அறிவுக்கு இவ்வளவு மதிப்பா என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. வீட்டு வாசலில் செங்கமலம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அடடா, அவளுமா!

வண்டி கிட்ட வந்தது. அவள் உற்றுப் பார்த்தாள்.

"அட, நீங்கதானா? பகல்ல வெளக்கு வருதே, ராஜாதான் மனசு எறங்கி நேர்ல வர்றார்னு நெனச்சேன்."

"நான் ஜெயித்துவிட்டேன் செங்கமலம்! இனி நாம் எங்கேயும் போக வேண்டாம்!"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆரத்தியைச் சுற்றிப் பொட்டும் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே கையைக் காட்டினாள்.

"ஏழு நாளா மூட்டை கட்டினது நான். போய்ப் பிரிங்க. அந்த வெளக்கையும் எடுத்துட்டுப் போங்க, உள்ள மூட்டைக்கு நடுவுல வழியே தெரியல."