எய்து பாராத இரும்பு முனை

மலையடியில் மனிதர்கள் கொஞ்சமாகவும் காட்டுப்பன்றிகள் நிறையவும் இருந்த காலத்தில், தித்தன் என்றொரு உப்பு வியாபாரி இருந்தான். கேட்கிறவர்கள் கேளுங்கள், நடுவில் பேரம் பேசாதீர்கள்.

தித்தனுக்கு வேடனாக ஆசை வந்தது. உப்பு வண்டியைக் கொடுத்து வில் வாங்கினான். சும்மா சொல்லக்கூடாது, ஆள் உழைத்தான். வில்லின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளையும்வரை சீவினான். நாணுக்குத் தேன்மெழுகு தேய்த்தான். வாழைத்தண்டை நட்டு, மொட்டை அம்பால் எய்தான். பத்துத் தப்படியில் பழகினான், இருபதில் பழகினான், நாற்பதில் பழகினான். ஒன்றும் தப்பவில்லை.

ஆனால் வேட்டைக்கென்று மூன்று மூட்டை உப்புக்கு வாங்கிய அகலமான இரும்பு முனைகளை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றியே வைத்திருந்தான்.

பக்கத்துத் தினைப்புனத்துக்காரி நொச்சி, வேடர் வீட்டில் பிறந்தவள். "அண்ணே, இரும்பை மாட்டி எய்து பாரு. அது காத்தை வாங்கும், வேற மாதிரி பறக்கும்" என்றாள். ஒரு முறை சொன்னாள், சிரித்தான். இரண்டாம் முறை சொன்னாள், முறைத்தான். மூன்றாம் முறை சொன்னபோது, "மூணு மூட்டை உப்பு தாயி. தண்டுல குத்தி மழுக்கவா வாங்கினேன்?" என்று எரிந்து விழுந்தான். கெட்டிக்காரத்தனமாம். மண்டையில் அடித்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

அந்த வருடம் ஒரு பன்றி ஊர்ப் புனங்களை வரிசையாக அழித்தது. மிஞ்சியது நொச்சியின் புனம் ஒன்றுதான். அடுத்த அறுப்புவரை அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் கஞ்சி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புது வேடன் வந்தால் முதல் அம்பு அவனுடையது. அது போகும்வரை மற்றவர்கள் வில்லைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.

விடியற்காலையில் பன்றி நொச்சியின் புனத்து ஓரத்தில் வந்து நின்றது. முப்பது தப்படிகூட இருக்காது. காவலிருந்த வேடர்களின் வில்லெல்லாம் தாழ்ந்தன. தித்தன் எய்தான்.

இரும்பு முனை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு சரிந்து, பன்றியின் பின்னங்காலைக் கிழித்தது. வெறிகொண்ட பன்றி தினைக்குள் பாய்ந்தது. மூன்று பேரின் அம்பு தைத்து அது விழுந்தபோது புனம் சேறாகக் கிடந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதல் அம்புக்கு முதல் பங்கு என்று இறைச்சியை இலையில் வைத்து அவனிடமே நீட்டினார்கள். வேடர் தலைவன் பெரிய மனது பண்ணி, அம்பைக் காற்றுத்தான் திருப்பிவிட்டது என்று சொல்லி, அவன் தப்பித்துக்கொள்ள வழியும் காட்டினான்.

தித்தன் தலையாட்டப் போனான். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, பாதி ஆட்டியும்விட்டான். அப்போது நொச்சி சேற்றிலிருந்து முற்றாத கதிர்களைப் பொறுக்குவதைப் பார்த்தான்.

"காத்து இல்லைய்யா. இந்த முனையை இன்னிக்குத்தான் முதல்ல எய்தேன். இந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லிச்சு" என்றான்.

நொச்சி நிமிரவில்லை. "நீ ஒத்துக்கிட்டா கதிர் முத்துமா, அண்ணே?" என்றாள்.

தித்தன் இலையை அவள் பிள்ளைகளின் முன்னால் வைத்தான். தோளில் உப்பு சுமந்து ஊர் ஊராக விற்று, அடுத்த அறுப்புவரை அந்த வீட்டுக்குத் தானியம் கொண்டுவந்தான். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு நாளும் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

இதன் நீதி: வேட்டைக்குக் கொண்டுபோகும் அம்பையே எய்து பழகாதவன், அதன் குறையை அடுத்தவர் வயிற்றில் அடித்துத்தான் தெரிந்துகொள்வான்.