சுறாவுக்காக ஒரு சத்தியம்

பழவேற்காட்டில் மார்கழிப் பனி லேசில் விலகாது. எட்டு மணிக்கும் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பனிக்குள் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் சைக்கிளில் ஒருத்தி.

ஓடியவன் தேசப்பன். கூண்டுச் சண்டைக்காரன், ரசிகர்களுக்குச் ‘சுறா’. சைக்கிளில் வந்தவள் நாகவல்லி, அவனுடைய மாஸ்டர். அவனுக்கு முப்பத்துநாலு வயசு, அவளுக்கு இருபத்தொன்பது. ஆனால் பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவனைப் பாயில் ஏழு தரம் மல்லாத்திப் போட்டாள் பாருங்கள், அன்றிலிருந்து அவள் அவனுக்கு ‘நீங்க’, அவன் அவளுக்கு ‘நீ’. கை வித்தையில் வயசு பார்க்க முடியுமா?

சண்டைக்கு இன்னும் ஆறு வாரம். எடை குறைக்க உப்பில்லாச் சாப்பாடு, இன்றோடு பதினோரு நாள். நாக்கிலிருந்து உப்பு போய்விட்டால் உலகமே கொஞ்சம் தள்ளிப் போய்விடும் போலிருக்கிறது. காலடியில் மண் இருப்பதே தேசப்பனுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. பூநாரைகள் தண்ணீரில் நிற்கின்றனவா, பனியில் நிற்கின்றனவா என்று பார்த்தபடியே ஓடினான்.

சைக்கிள் கேரியரில் அவனுடைய பை. பைக்குள் ஒரு சோப்பு டப்பா. டப்பாவுக்குள் ஊசியும், உடம்பை ஏற்றுகிற மருந்தும். போடுவதென்றால் இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்று கொடுத்தவன் சொல்லியிருந்தான்.

எதிரி கோவை பிரகதீஷ். இருபத்துமூன்று வயசு. அவன் ஊசி போடுகிறான் என்று ஊரே பேசுகிறது. தேசப்பனோ கடைசி மூன்று சண்டையில் இரண்டில் தோற்றவன். இதிலும் தோற்றால் இனி எவனும் கூப்பிட மாட்டான். இரண்டு நாளாக அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் என்றால் பயம்தான், அதற்கு வேறு பேர் கிடையாது.

ஓட்டத்தை நிறுத்தினான்.

“மாஸ்டர்.”

“ம்.”

“யாருக்கும் தெரியாம ஒண்ணைச் செஞ்சா, அது செஞ்சதா ஆகுமா?”

நாகவல்லி அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்வையைப் பார்த்தாள்.

“டீ குடிக்கலாம், வா.”

“எனக்குத்தான் டீ கூடாதே.”

“நான் குடிக்கறேன். நீ உக்காரு.”

படகுத்துறைக் கடையில் கூட்டம். சுவரில் சண்டைப் போஸ்டர். போஸ்டரிலிருந்த சுறாவுக்கு மொட்டைத் தலை, சிவப்பு வெளிச்சம், கடித்துத் தின்கிற முறைப்பு. பெஞ்சில் வந்து உட்கார்ந்தவனுக்கோ தலையில் துண்டு, ஒட்டிய கன்னம், பத்து நாள் தாடி. இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“மாஸ்டர், கிளம்பிடலாம்,” என்றான் மெதுவாக.

அடுப்புக்குப் பின்னாலிருந்து டீ மாஸ்டர் நிமிர்ந்தார். “எங்க கிளம்பறது? இப்பத்தான் பாலே பொங்குது.”

போஸ்டருக்குக் கீழே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிற மாசிலாமணி சுறா கட்சி. ஐஸ் லாரி ஓட்டுகிற ஏகாம்பரம் கோவைக் கட்சி.

“உங்காளு முதுகைப் பாத்தியா? பூரா பரு. ஊசி போட்டாத்தான்யா அப்படி வரும்,” என்றார் மாசிலாமணி.

“வேர்வையில வந்த பருய்யா அது! உங்காளுக்குக் குரலே மாறிப் போச்சே, அதுக்கு இன்னா சொல்ற?”

“சளி புடிச்சா மாறாதா?”

“ஆறு மாசமாவா சளி புடிக்கும்? முப்பத்திநாலு வயசுய்யா. இந்த வயசுல மருந்து இல்லாம மூணு ரவுண்டு நிக்க முடியுமா?”

“டெஸ்ட்டுல மாட்டலையே!”

“மாட்டாதவனெல்லாம் யோக்கியனா? நல்ல கதையா இருக்கே!”

கடையே சிரித்தது. தேசப்பனுக்குத் தன் பேர் வேறு யாருடைய பேரோ மாதிரி பனிக்குள்ளிருந்து மிதந்து வந்தது. செத்தவன் தன் எழவு வீட்டுக்கே வந்து ஓரமாக உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும். ஒருவகையில் சுகமாகக்கூட இருந்தது.

“அவ்வளவு நம்பிக்கைன்னா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணேன், பாப்போம்,” என்றார் ஏகாம்பரம்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மாசிலாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த கற்பூரத்தில் இரண்டு வில்லையை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினார்.

“தேசப்பன் உடம்புல ஒரு சொட்டு மருந்து ஏறினது கிடையாது, இனிமேலும் ஏறாது. எம் பொண்ணு மேல சத்தியம்.”

“யோவ், வாயைக் கழுவுய்யா!” என்று டீ மாஸ்டர் பதறுவதற்குள் உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்துவிட்டார். அணைத்தவர் கையை உடனே எடுக்கவுமில்லை.

“சும்மா பேச்சுக்குச் சொன்னேன்டா பாவி,” என்று ஏகாம்பரம் முணுமுணுத்தார்.

தேசப்பன் வெளியே நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். கேரியரில் பை அப்படியே இருந்தது.

“அவரு கையில தண்ணி ஊத்து, போ,” என்றாள் நாகவல்லி.

தேசப்பன் எழுந்து போனான். தொட்டியிலிருந்து சொம்பில் மொண்டு, மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஊற்றினான். நடு உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது.

“ரொம்ப எரியுதாண்ணே?”

“எரியாம? கற்பூரம்னா சும்மாவா?”

“அந்தச் சுறாவை உங்களுக்குத் தெரியுமா?”

“எங்க தெரியும்? செல்லுல பாத்ததுதான்.”

“அப்புறம் எப்படிண்ணே, பொண்ணு மேல போய்...”

மாசிலாமணி சங்கடமாகச் சிரித்தார். “வாய்தவறி வந்துடுச்சு தம்பி. வீட்டுல தெரிஞ்சா எம் பொண்டாட்டி வெளுத்துடுவா. ஆனா ஒண்ணு. போன சண்டையில தோத்துட்டு, ஜெயிச்சவன் கையை இவனே தூக்கிவிட்டான். சிரிச்சுக்கிட்டே. எம் பொண்ணும் பாத்தா. ரெண்டாவது படிக்கிறா, ஏழு வயசு. ‘ஏம்பா, தோத்தவரு ஏன் சிரிக்கிறாரு’ன்னு கேட்டா. ஏமாத்தறவனுக்கு அந்தச் சிரிப்பு வருமா? நீயே சொல்லு.”

தேசப்பன் இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றினான்.

“உனக்கு இந்தச் சண்டையெல்லாம் பழக்கமில்ல போல,” என்றார் மாசிலாமணி பரிவாக. “ஆறு வாரம் கழிச்சு இங்க வா. கடையில டிவி வைக்கிறாங்க. சேர்ந்து பாக்கலாம்.”

திரும்பும் வழியில் பனி இன்னும் அப்படியேதான் இருந்தது. நாகவல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். தேசப்பன் பையைத் திறந்து சோப்பு டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை. என்ன என்று கேட்கவுமில்லை.

“இன்னும் போடல மாஸ்டர்.”

“சரி.”

“போடாதவரைக்கும் அவரு சொன்னது மெய்தானே?”

“மெய்தான்.”

எங்கேயோ ஒரு படகு எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

“நான் கேக்கவே இல்லையே மாஸ்டர். எனக்காக அவரை யாரு சத்தியம் பண்ணச் சொன்னா? அந்தக் கோவைப் பையன் போட்டுட்டு வந்து நிக்கப்போறான். நான் அடி வாங்கப் போறேன். எனக்குத் தெரியும்.”

“வாங்குவ.”

“அதோட என் கதை முடிஞ்சிரும்.”

“முடிஞ்சாலும் முடியும்.”

தேசப்பன் நின்றுவிட்டான். கண்ணைத் துண்டால் துடைத்தான்.

“சரி, இந்தச் சண்டைக்குப் போடல. இந்தச் சண்டையை வெச்சுத்தானே அவரு சத்தியம் பண்ணாரு? எதுவரைக்கும் மாஸ்டர் அதை நான் காப்பாத்தணும்?”

நாகவல்லியும் நின்றாள்.

“அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசுன்னாரு?”

“ஏழு.”

அவள் சைக்கிளில் ஏறி, பெடலில் கால் வைத்தாள்.

“நூறு வயசு நல்லா இருக்கட்டும் குழந்தை,” என்றாள். “இன்னும் தொண்ணூத்திமூணு வருஷம்.”